பதினான்காம் வண்டியும் நான்கு நொடியும்

பிப்ரவரி 9, திங்கட்கிழமை காலை

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா சைமாவுக்கு, உன் ஒரே தம்பி ரூடி ஹெக்கலா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி கொரீனும் சுகம். அங்கே நீயும் ரெய்னோ அத்தானும் சுகமாக இருக்க ஆண்டவர் அருள வேண்டும். வெறுமனே சுகம் என்று எழுத என் கை கூசுகிறது. தொழில் அப்படி. ஆகவே கொரீனின் முழங்கால் வலி பத்துக்கு மூன்று என்றும், என் மனவலி பத்துக்குப் பதினொன்று என்றும் எழுதிக்கொள்கிறேன். பத்துக்கு மேல் எண் போடக் கூடாது என்று நாலு பேருக்குப் பாடம் எடுத்தவன் நான். இப்போது நானே போடுகிறேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.

நாலு மைல் தூரத்தில் இருக்கும் அக்காவுக்குத் தபாலில் எழுதுவானேன் என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை நான் போன் செய்தபோது நீ, "ரூடி, இப்ப எங்கிட்ட எதையும் கேக்காதடா" என்று சொல்லி வைத்துவிட்டாய். சனிக்கிழமை வழக்கம்போல உங்கள் வீட்டுச் சவுனாவில் ஆவிக்குளியலுக்கு வரலாமா என்று கேட்டதற்கு அடுப்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினாய். முப்பது வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடச் சரியில்லாமல் போகாத அடுப்பு. நான் வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வழியாகத்தான் போனேன். சவுனாப் புகைபோக்கியில் புகை நன்றாகவே வந்துகொண்டிருந்தது. இறங்கிக் கதவைத் தட்டும் தைரியம் எனக்கு இல்லை. நேராகப் போய் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி உட்கார்ந்தேன். அது குளியல் இல்லை, ஊறவைப்பது. உன் கோபம் நியாயமானது, அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை என்ன என்று நம் குடும்பத்தில் யாருக்கும் விளங்கியதில்லை, பதினேழு வருடமாக எனக்கும் அரைகுறைதான். ஒரு கணினி அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அதை எவ்வளவு வேகமாக, எவ்வளவு பத்திரமாக, எவ்வளவு சுலபமாகச் செய்ய வேண்டும் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. இதற்குச் செயல்சாராத் தேவைகள் என்று பெயர். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அத்தான் எழுந்து நின்று, "எல்லாரும் கேளுங்க, மிஷின் என்ன செய்யும்னு எம் மச்சானுக்குத் தெரியாது, ஆனா அத எப்படிச் செய்யணும்னு மட்டும் சொல்லுவாரு. எங்க மாமியார் மாதிரி" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அதைவிடச் சரியான விளக்கத்தை அதுவரை நான் கேட்டதில்லை. எங்கள் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. 'வேகமாக இருக்க வேண்டும்' என்று எழுதுவது பாவம், 'இத்தனை நொடிக்குள்' என்று எழுதுவது புண்ணியம். எழுதிய பிறகு, அது உண்மையிலேயே அப்படி இருக்கிறதா என்று சோதித்து, தேறியது என்று கையெழுத்துப் போட வேண்டும். எழுதுகிறவனும் நான், சோதிக்கிறவனும் நான், கையெழுத்துப் போடுகிறவனும் நான். கல்யாண மாப்பிள்ளையும் நானே, பாதிரியாரும் நானே.

நம் மாவட்டத்துக் கவுண்டி சாலை ஆணையத்துக்குப் பனி தள்ளும் வண்டிகளை அனுப்பும் அமைப்பு ஒன்று செய்யும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தபோது நான் எவ்வளவு குதித்தேன் என்று உனக்குத் தெரியும். அதற்கு முந்தைய நூலக விவகாரத்தில் என் மானம் போயிருந்தது. எந்நேரமும் நிற்காமல் ஓட வேண்டும் என்று நூலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அது ஒரு நொடிகூட நிற்கவில்லை, நூற்றுக்கு நூறு. ஆனால் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஏழு திரை தாண்ட வேண்டியிருந்ததால், ஜனங்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "ரூடி, இன்னொண்ணு இப்படி ஆச்சுன்னா நீ வீட்டுலயே இருந்துக்கலாம்" என்றார். ஆகவே பனி வண்டியில் ஒரு தப்பும் வரக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, முதல் நாளே ஓட்டுநர்களிடம் நேரில் கேட்பது என்று, நீ சுட்டுக் கொடுத்த ஏலக்காய் ரொட்டி இரண்டை எடுத்துக்கொண்டு வண்டிக் கொட்டகைக்குப் போனேன். இருபது ஓட்டுநர்களும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் ஒருவராக நம் அத்தானும். உத்தரவு வந்தால் வண்டிக்குள் இருக்கும் திரையில் 'ஏற்றேன்' என்பதைத் தொட வேண்டும், அது எவ்வளவு சீக்கிரம் நடக்க வேண்டும் என்று கேட்டேன்.

"சீக்கிரமா நடக்கணும்."

"எவ்வளவு சீக்கிரமா?"

"அதான் சொல்றோமே, சீக்கிரமா."

"ஒரு எண் சொல்லுங்கப்பா."

"சாப்பிட ரொட்டி குடுத்துட்டு எண் கேக்குறான் பாரு" என்றான் க்ளேட்டன், பதினைந்தாம் வண்டி ஓட்டுகிறவன். அப்போது அத்தான்தான் எனக்காக இரக்கப்பட்டு, "ஒரு வாய் காப்பி முழுங்குற நேரம்னு போட்டுக்க மச்சான்" என்றார். மற்றவன் என்றால் சிரித்துவிட்டு வேறு கேள்விக்குப் போயிருப்பான். நான் பையிலிருந்து நிறுத்துக் கடிகாரத்தை எடுத்தேன். இருபது பேரையும் ஒவ்வொருவராகக் காப்பி குடிக்க வைத்து, கோப்பை உதட்டில் படுவது முதல் தொண்டை இறங்குவது வரை அளந்தேன். பத்தொன்பது பேருக்கும் நான்கு நொடிக்குச் சற்று முன்பின். அத்தானுக்கு ஒன்பது. அவர் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அதன் வழியாக உறிஞ்சுகிறவர் அல்லவா. சராசரியைக் கெடுக்கிறார் என்று அத்தானின் வாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நான்கு நொடி என்ற எண் பிறந்த கதை இதுதான். யோசனை சொன்னவரே அதில் இல்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அடுத்தது படம். எங்கள் தொழிலில் ஒவ்வொரு தேவையையும் ஒரு மேகமாக வரைவோம். வேகம் ஒரு மேகம், பாதுகாப்பு ஒரு மேகம், எளிமை ஒரு மேகம். ஒன்று மற்றொன்றுக்கு உதவினால் அம்பு போட்டுக் கூட்டல் குறி, கெடுத்தால் கழித்தல் குறி. மிச்சமிருந்த சுவர்த்தாள் சுருளின் பின்பக்கத்தில் பதினோரு மேகம் வரைந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருந்தேன். ஆணையத்தின் கண்காணிப்பாளர் ட்ருடெல் எங்கள் வீட்டுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரூடி, இது என்ன, நாளைக்குப் பனி வருமா வராதான்னா?" என்றார். அவரிடம் விளக்கி முடிப்பதற்குள் என் காப்பி உறைந்துவிட்டது. அவர் ஒப்புதல் கொடுத்தார், நானும் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மேகத்துக்கும் எண் எழுதினேன். ஆனால் அதற்குள் கொரீன் சமையலறை இழுப்பறைக்குத் தாள் போட வேண்டும் என்று சுருளின் கடைசி முழம் ஒன்றை வெட்டி எடுத்திருந்தது எனக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து முள்கரண்டி எடுக்கப் போனபோது பார்க்கிறேன், கரண்டிகளுக்கு அடியில் என் கையெழுத்தில் பதினோராவது மேகம்: 'ஓட்டுநரின் கை விறைக்காமல் இருத்தல்.' அதற்கு நான் எண்ணே எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. என் வாழ்நாளில் நான் வரைந்த மேகங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது, அதன் மேல் கரண்டி கிடக்கிறது.

கையுறை விஷயத்தை நான் அடியோடு மறந்தேன் என்று நினைக்காதே. வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் பனி தள்ளும் கத்தி எங்கே உரசுகிறது என்று பார்ப்பதற்காக நம் ஓட்டுநர்கள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் எழுதிய வாசகம் இது: 'தொண்ணூற்றைந்து சதவீத உத்தரவுகளுக்கு, ஓட்டுநர், கையுறையோடு, ஒரே கையால், நான்கு நொடிக்குள் பதில் தர இயல வேண்டும்.' எழுதியதும் எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு அழகாக இருந்தது. குளிரில் திரை வேலை செய்யுமா என்று பார்க்கத் தொத்திறைச்சிக் கடைக்காரரிடம் கெஞ்சி அவருடைய உறைபனி அறைக்குள் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் திரையும் தலைக்கு மேல் தொங்கும் இரண்டு மான் தொடையுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பதினைந்தாவது நிமிடம் நிறுத்துக் கடிகாரம் செத்துவிட்டது. அதற்கப்புறம் நொடிக்கு ஒன்றாக 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று வாயால் எண்ணினேன். உதடு விறைத்ததும் எண்ணிக்கையும் மெதுவாகிவிட்டது, அதனால் எல்லாமே நான்கு நொடிக்குள் முடிந்ததாக வந்தது. இறைச்சி எடுக்க வந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம், "உள்ள இருக்குறவரு விலைக்கா?" என்று கேட்டதாகச் சொன்னார்கள். நான் போட்டிருந்தது பனிச்சறுக்குக் கடையில் வாங்கிய மெல்லிய கையுறை, திரையைத் தொடுவதற்கென்றே விரல்நுனியில் ஏதோ இழை வைத்துத் தைத்தது. கையுறையோடு என்று எழுதியிருந்தேன், கையுறையோடு சோதித்தேன். எந்தக் கையுறை என்று எழுதவுமில்லை, யோசிக்கவுமில்லை. அத்தான் கையில் போடுவது நீ மான் தோலில் கம்பளி வைத்துத் தைத்துக் கொடுத்த கையுறை, ஒவ்வொன்றும் ரொட்டித் துண்டு பருமன். எண்பத்தாறாம் வருடப் பனியில் இரண்டு விரல்நுனியைப் பறிகொடுத்தவர் அவர், வெறுங்கையை வெளியே நீட்ட மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும்தான் தெரியும்.

நவம்பரில் ஆணையத்தின் சோதனை ஓட்டம் நடந்தது. இருபது வண்டி, இரண்டு வாரம், நானூறு உத்தரவு. அந்த இரண்டு வாரமும் நான் உன் சமையலறையில் வந்து உட்கார்ந்து, இது தேறாவிட்டால் என் கதை முடிந்தது என்று புலம்பியதைக் கேட்டு நீயும் சாப்பிடாமல் இருந்தாய். பதில் வந்த நேரத்தை இயந்திரமே பதிந்துவிடும் என்பதால் நான் ஒரு வண்டியிலும் ஏறவில்லை, சூடான அறையில் உட்கார்ந்து எண் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் கூட்டிப் பார்த்தால் முன்னூற்று எண்பது தேறியிருக்கிறது, இருபது தவறியிருக்கிறது. மிகச் சரியாகத் தொண்ணூற்றைந்து சதவீதம்! கோட்டின் மேலேயே கால் வைத்துத் தாண்டியிருக்கிறேன். ட்ருடெல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கையெழுத்துப் போட்டேன், பேனா நடுங்கவே இல்லை. தவறிய அந்த இருபதும் யாருடையது என்று கேட்க வேண்டும் என்று, பதினேழு வருட அனுபவம் உள்ள இந்த மண்டைக்குத் தோன்றவில்லை, அக்கா. ஐந்து சதவீதம் என்றால் எல்லோர் மேலும் கொஞ்சம் கொஞ்சம் தூவினாற்போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமைதான் பதிவைத் திறந்து பார்த்தேன். இருபதும் பதினான்காம் வண்டி. இருபதும் நம் அத்தான். அந்தத் தடித்த கையுறையோடே திரும்பத் திரும்ப அழுத்தி, திரை அதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒவ்வொரு தடவையும் பதினோரு நொடி ஆகியிருக்கிறது.

பனிக்காலம் தொடங்கியதும் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான்கு நொடிக்குள் பதில் வராவிட்டால் ஓட்டுநர் மறுத்ததாக எடுத்துக்கொண்டு அமைப்பு அந்தச் சாலையை அடுத்த வண்டிக்குக் கொடுத்துவிடும். அத்தானோ திரை என்ன சொன்னாலும் தன் சாலைக்குப் போய்விடுவார். ஒருநாள் ஆரஞ்சுக் கொட்டகைத் திருப்பத்தில் அவரும் க்ளேட்டனும் எதிரெதிரே கத்தியும் கத்தியும் இடிக்க வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் திரும்ப இடமில்லை.

"என் ரோட்டுல உனக்கென்னடா வேலை?" என்றாராம் அத்தான்.

"உங்க ரோட்ட எனக்குக் குடுத்துட்டானுங்க அண்ணே, உங்க மச்சான்கிட்ட கேளுங்க."

"அவன்கிட்ட கேட்டா படம் போட்டுக் காட்டுவான். பிளாஸ்க்க எடு."

அப்படியே வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். அதற்குள் க்ளேட்டன் தள்ளியிருக்க வேண்டிய தேவாலயச் சாலை மூடிக்கொண்டது, பாதிரியார் அந்த ஞாயிறு ஆர்கன் வாசிக்கிற அம்மாள் ஒருத்திக்கு மட்டும் முழுப் பிரசங்கமும் செய்தார். இதெல்லாம் என் நான்கு நொடியால் வந்தது.

இனிதான் சொல்ல வெட்கமாக இருக்கும் பகுதி. ஒரு வாரத்தில் மூன்று முறை பதில் தவறினால் எச்சரிக்கைக் கடிதம் தானாகவே அச்சாகிப் போகும், அந்தக் கடிதம் படிக்கிறவரின் மனம் நோகாதபடி இருக்க வேண்டும் என்பதும் நான் எழுதிய தேவைதான். மனம் நோகாமையை எப்படி அளப்பது? ஏழு பேரிடம் கொடுத்து ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். அந்த ஏழு பேரில் நீயும் ஒருத்தி, நினைவிருக்கிறதா? நீ ஐந்து போட்டாய். "திட்டு வாங்கின மாதிரியே இல்லடா, பொறந்தநாள் வாழ்த்து மாதிரி இருக்கு" என்றாய். நான் பூரித்துப் போனேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நெடுநாள் உழைப்பை நன்றியோடு நினைவுகூரும் இவ்வேளையில், தங்கள் பதில் வந்துசேரும் நேரத்தின்பால் தங்கள் அன்பான கவனத்தை வேண்டுகிறோம்.' இதை முதல் தடவை வாங்கிய அத்தான், முப்பத்தொரு வருடத்தில் ஆணையம் தன்னைப் பாராட்டியது இதுதான் முதல் முறை என்று குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டினார். இரண்டாவதையும் மாட்டினார். மூன்றாவதை மாட்ட இடம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கூடவே வந்த ஆணையத்தின் அழைப்பாணையைப் பிரித்திருக்கிறார். அது என் எழுத்து இல்லை, அதனால் ஒரே வரியில் புரிந்துவிட்டது: புதன்கிழமை கூட்டத்தில் பதினான்காம் வண்டியை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, ஓய்வு பெறும்வரை அவரை, பனி உருகச் சாலையில் தூவும் உப்பு கிடக்கும் கொட்டகையில் போடுவதாக உத்தேசம். முப்பத்தொரு வருடம் நம் கரையோரச் சாலையை ஒருநாள்கூட மூட விடாத மனிதரை உப்பு அளக்க அனுப்பப் போகிறார்கள், அதற்கு ஆதாரமாக என் கையெழுத்துப் போட்ட தாளை வைத்திருக்கிறார்கள். அழைப்பாணையின் நகல் வெள்ளிக்கிழமை எனக்கும் வந்தது, படித்ததும்தான் உனக்குப் போன் செய்தேன்.

அக்கா, நான் மன்னிப்புக் கேட்கிறேன். நாலு இடத்தில் கேட்கலாம் என்றால் நாலு இடத்திலும் கேட்கிறேன். புதன்கிழமை கூட்டத்துக்கு நான் வருகிறேன். ஆளுக்கு ஆள் தனியாக அளந்திருக்க வேண்டும், எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப் போட்டதில் ஒரு மனிதர் முழுசாகக் காணாமல் போய்விட்டார், அது என் தப்பு என்று எழுந்து நின்று சொல்வேன். மற்ற பத்தொன்பது பேருக்கும் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்பதால், ரெய்னோ ஒருவருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள், அவருடைய பழக்கம் வேறு என்று கேட்டுக்கொள்வேன். அதுவரைக்கும் அத்தானுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, நான் உறைபனி அறையில் போட்டிருந்த அதே ரகக் கையுறை ஒரு ஜோடி, அவர் அளவில், இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ தைத்ததைக் குறை சொல்வதாக எண்ணாதே. அவர் கொஞ்சம் பிடிவாதத்தைத் தளர்த்தி, பகல் வேளையில் மட்டுமாவது போட்டுப் பார்க்கச் சொல். இந்த ஊரில் பத்தொன்பது பேர் பழகிக்கொண்டதை அவராலும் பழகிக்கொள்ள முடியாதா? உன் கோபம் எப்போது தணியும் என்று நாள் குறித்துக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது, நீ இல்லாத சனிக்கிழமை எனக்குப் பழக்கமில்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், உங்கள் நாய்க்கு என் அன்பையும் சொல்லவும். கர்த்தர் உங்கள் கூரைக்குப் பனி தாங்கும் பலத்தையும், உனக்கு இந்தத் தம்பியைத் தாங்கும் பொறுமையையும் குறைவில்லாமல் தருவாராக.

இப்படிக்கு,
அளக்கத் தெரிந்து பார்க்கத் தெரியாத உன் தம்பி,
ரூடி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்க்கக் கொரீனிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தாள். 'மற்ற பத்தொன்பது பேருக்கும் நன்றாக வேலை செய்கிறது' என்ற இடம் வந்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ரூடி, உனக்கு நிஜமாவே தெரியாதா?"

"எது?"

"உங்கக்கா பாவம், இங்க இந்த மேஜையில உக்காந்துதான் போன் பண்ணா. ஒருத்தர் விடாம. 'எந்தம்பிக்கு வேல போயிடும், கொஞ்சம் கையுறையக் கழட்டிட்டுத் தொட்டுருங்க, ரெண்டு வாரந்தானே'ன்னு. பத்தொம்பது பேரும் சரின்னாங்க. இப்ப வர அப்படித்தான் ஓட்றாங்க. குளிர்ல க்ளேட்டன் விரல் கறுத்துக் கெடக்கே, பாத்தியா நீ?"

"அப்ப அத்தான்?"

"அவர்கிட்டயும் கேட்டா. வீட்டுக்காரர் ஆச்சே, மொதல்ல அவர்கிட்டதான் கேட்டா. அவரு, 'கையுறையோடன்னு மச்சான் மெனக்கெட்டு எழுதிருக்கான், அவன் எழுதினத நானாச்சும் மதிக்கணுமில்ல'ன்னு சொல்லிட்டாரு."

அக்கா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கிழித்துப் போடலாம் என்றால் ஏழு பக்கம், மனம் வரவில்லை. கையுறையை வெளியே எடுத்துவிட்டேன், அத்தான் அதைப் பார்க்கவே வேண்டாம். விதிவிலக்கும் கேட்கப் போவதில்லை. நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று நான் நான்கு நாளாகச் சாப்பிடாமல் இருந்தேன், நீ என் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. ஐம்பத்தெட்டு வயசுக் கழுதைக்காக ஒருத்தி பத்தொன்பது பேரிடம் கெஞ்சியிருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது. அழுதேன், கொரீன் சாட்சி. ஆனால் அந்தக் கையெழுத்து நிற்கக் கூடாது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறேன், வேலை போனால் போகட்டும். உன் பெயர் வராது. வண்டியில் ஏறி அவர்கள் கையைப் பார்க்காதவன் நான், அதைச் சொன்னாலே போதும், அது பொய்யும் இல்லை. அதற்கப்புறம் ஆணையத்தாரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்: நவம்பரில் என் சோதனையை ஒழுங்காகச் செய்தவர் இந்தக் கவுண்டியிலேயே ஒருவர்தான், அவருக்குத்தான் நீங்கள் மூன்று கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள்.